மரம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த சகாயமேரி

சகாயமேரி இறந்த செய்தி வந்தபோது நான் திருமயம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டருடன் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். என் கையில் ஒரு விவசாயி கொடுத்தனுப்பிய மண் மூட்டை இருந்தது. அதைப் பின்னால் டிக்கியில் போடச் சொன்னார் கண்டக்டர். டிக்கியில் உர மூட்டை கிடக்கும், கருவாட்டுக் கூடை கிடக்கும், மண் கெட்டுப்போகும் என்றேன் நான். மண் எப்படிச் சார் கெட்டுப்போகும் என்று அவர் சிரித்த நேரத்தில் போன் அடித்தது. சகாயமேரியின் கணவர் அந்தோணிசாமி. "சார், மேரி போயிட்டா சார். காலைலதான்" என்றார். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, கண்டக்டர் மூட்டையைத் தானே வாங்கி என் சீட்டுக்கு அடியில் வைத்தார்.

புற்றுநோய். ஒரு வருடமாக எல்லோரும் எதிர்பார்த்திருந்த செய்திதான். எதிர்பார்த்த செய்தி அவ்வளவாக வலிக்காது என்று சொல்கிறவர்கள் யாரென்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு வலித்தது. புதுக்கோட்டை வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஆவூர்ப் பக்கம் அவர்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. குழிக்குள் ஆளுக்கு ஒரு கைப்பிடி மண் போட்டோம். என் முறை வந்தபோது, போடுவதற்கு முன் அந்த மண்ணை என்னையறியாமல் இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கிப் பார்த்துவிட்டேன். பழக்கதோஷம். சங்கடத்தோடு திரும்பினால், எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற எங்கள் மண் பரிசோதனைக் கூடத்துப் பெண்கள் இருவரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். சகாயமேரி பார்த்திருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டார். "என்ன சார், களிமண்ணு ஜாஸ்தியா?" என்று கேட்டிருப்பார்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள் என்பது எனக்குத் தெரியும். மீதிப் பேர் வாங்கத் தவறியவர்கள். தெரியாத ஒருவர் இதைப் படிக்க நேர்ந்தால் அவருக்காக இரண்டு வரி: புதுக்கோட்டையில் இருக்கும் ஒரு தனியார் மண் பரிசோதனைக் கூடத்தில் சகாயமேரி தலைமை வேதியியலாளர். வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வருகிற மண்ணில் புளிப்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு, சத்து எவ்வளவு என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. நான் அதே கூடத்தில் வெளிவேலை பார்க்கிறவன். ஊர் ஊராகப் போய் மண் வாங்கி வருவேன், முடிவைக் கொண்டுபோய்ச் சொல்லுவேன். இருபது வருடத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தும் கடைசிவரை அவர் எனக்கு 'மேடம்', நான் அவருக்கு 'சார்'. அவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் பிரியாணியும் எங்கள் வீட்டுப் பொங்கலும் அதை மாற்றவில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இலுப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயியிடமிருந்து தொடங்க வேண்டும். நான் சேர்ந்த புதிதில் நடந்தது. மனிதர் ஒரு மஞ்சள் பையில் மண் கொண்டுவந்திருந்தார். கறுப்பாக, பொலபொலவென்று, பார்க்கவே ஆசையாக இருந்தது. சகாயமேரி பையைத் திறந்து முகர்ந்தார்.

"ஐயா, இது எங்க எடுத்தது?"

"எங்க வயல்லதாம்மா."

"வயல்ல எங்கிட்டு?"

அவர் தலையைச் சொறிந்தார். "எருக்குழிக்குப் பக்கத்துல. அங்கிட்டுத்தாம்மா மண்ணு நல்லாருக்கும்."

சகாயமேரி பையைக் கட்டி அவர் கையிலேயே கொடுத்தார். "மண்ணு என்ன, பொண்ணு பாக்கவா வந்திருக்கு? பவுடர் பூசிக் கூட்டிட்டு வந்திருக்கீங்க! நோவு எங்க இருக்கோ அதக் காட்டுங்கய்யா, வைத்தியம் சொல்றேன்."

கூடத்தில் எல்லோரும் சிரித்தோம். அந்த விவசாயியும் சிரித்தார். ஆனால் சகாயமேரி அன்றைக்கே உட்கார்ந்து ஒரு துண்டறிக்கை எழுதினார். மண் எடுப்பது எப்படி என்று ஒரே பக்கத்தில். வரப்போரம் வேண்டாம், எருக்குழிப் பக்கம் வேண்டாம், மர நிழல் வேண்டாம். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பல இடங்களில் எடுங்கள். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டி நன்றாகக் கலந்து, பரப்பி, நான்கு பங்காக்குங்கள். எதிரெதிராக உள்ள இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மீதியைத் திரும்பக் கலந்து பரப்புங்கள். கடைசியில் கையளவு மிஞ்சும், அதை அனுப்புங்கள். மண் பரிசோதனை செய்கிற யாரும் சொல்கிற முறைதான். அவர் எழுதியது மட்டும் சமையல் குறிப்புபோல எல்லோருக்கும் புரிந்தது. மாவட்டத்தில் உரக்கடைச் சுவர்களில்கூட அதை ஒட்டிவைத்திருந்தார்கள்.

வேலையில் அவருக்கு விரதம்போல ஒரு கட்டுப்பாடு இருந்தது. காலையில் வந்ததும் புளிப்பு அளக்கிற கருவியைத் தெரிந்த கரைசல்களில் முக்கிச் சரிபார்க்காமல் ஒரு மண்ணையும் தொடமாட்டார். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கையை மட்டும் உயர்த்துவார். சோதனை மேசைப் பக்கம் டீ கிளாஸ் வரக்கூடாது. முதலாளி ஒருமுறை டீயோடு உள்ளே வந்தபோது, "சார், ஒண்ணு நீங்க வெளியே போங்க, இல்ல டீ போகட்டும்" என்றார். முதலாளியும் டீயும் சேர்ந்தே வெளியே போனார்கள். பெரிய வியாழனுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டும் கேட்காமல் லீவு போடுவார். மற்ற நாட்களில் அவர் நாற்காலி காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.

இப்போது சின்னத்துரை விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் சகாயமேரியைச் சொல்ல முடியாது.

கீரமங்கலத்தில் நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர் சின்னத்துரை. வேம்பு, புங்கன், மகிழம், நாவல் என்று அவர் பண்ணையிலிருந்து கன்றுகள் லாரி லாரியாக வெளிமாநிலங்களுக்குப் போகும். பண்ணையில் நாற்பது ஐம்பது பெண்கள் பை நிரப்பவும் தண்ணீர் ஊற்றவும் வேலை பார்த்தார்கள். வடக்கே ஓரிடத்தில், நிலக்கரி வெட்டி முடித்து மூடிவிட்ட ஒரு சுரங்க நிலத்தில் மரம் நடுகிற வேலை அவருக்குக் கிடைத்தது. நிலக்கரியை எடுப்பதற்காக அதன் மேலே கிடந்த மண்ணையும் பாறையையும் தோண்டிக் குன்றுபோலக் கொட்டி வைத்திருப்பார்கள். அந்த மேட்டைச் சமப்படுத்திப் பச்சையாக்கித் தர வேண்டும். நடுவதற்கு முன் மண்ணைச் சோதிக்க வேண்டும் என்பது அங்கே விதி. சின்னத்துரை வேறெங்கும் போகவில்லை. "நம்ம மேடம் பாத்தாத்தான் எனக்கு நம்பிக்கை" என்று சொல்லி, சகாயமேரியிடமே துண்டறிக்கையைக் கேட்டு வாங்கி, அங்கிருந்த தன் ஆட்களுக்கு அனுப்பினார். அவர்கள் அதில் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தார்கள். மேடு முழுக்க நடந்தார்கள், எடுத்தார்கள், கலந்தார்கள், நான்காகப் பிரித்தார்கள். அந்தப் பக்கம் வேறோர் இடத்தில் கன்று இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரியில் மண் வந்து சேர்ந்தது.

சகாயமேரி வழக்கம்போல முழுக் கவனத்தோடு சோதித்தார். புளிப்பு லேசாகத்தான் இருந்தது. வேம்புக்கும் புங்கனுக்கும் ஒரு தொந்தரவும் இல்லாத அளவு. தொழுஉரம் போட்டு நடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சின்னத்துரை நட்டார்.

அடுத்த வருடம் மழை முடிந்த பிறகு ஒரு நாள் சின்னத்துரை கூடத்துக்கு வந்தார். கையில் ஒரு சாக்கு. அதைத் தரையில் கவிழ்த்தார். காய்ந்த கன்றுகள். வேர் நுனியெல்லாம் கருகி, குட்டையாக, தீயில் காட்டி எடுத்ததுபோல இருந்தது. வெள்ளை வேட்டி கட்டிய, எப்போதும் சிரித்துப் பேசுகிற மனிதர் அன்றைக்கு உட்காரவே இல்லை.

"நோஞ்சான் கன்ன அனுப்பி ஏமாத்திட்டேன்னு சொல்றாங்க மேடம். காண்ட்ராக்ட் லிஸ்ட்லருந்து எம்பேர எடுத்துருவாங்களாம். எங்கப்பா காலத்துல இருந்து கன்னு விக்கிறோம். ஒரு கன்னுல கொறை சொன்னதில்ல யாரும்." காலிச் சாக்கை உதறினார். "வந்து எம்பண்ணையப் பாருங்க. அதே விதை, அதே கன்னு. எலை எப்படி இருக்குன்னு பாருங்க."

"எல்லாமே செத்துருச்சா?" என்று கேட்டார் சகாயமேரி.

"இல்ல மேடம். அதுதான் புரியல. ஒரு பக்கம் ஆள் ஒசரத்துக்கு நிக்குது. பத்தடி தள்ளிப் பாத்தா சுடுகாடு மாதிரி கெடக்கு."

அதைக் கேட்டதும் சகாயமேரி குனிந்தார். கீழே கிடந்த ஒரு கன்றை எடுத்து வேரைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

முதலாளிக்கு வேறொன்று தெரிந்திருந்தது. எந்தப் பரிசோதனைக் கூடத்தின் அறிக்கையிலும் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'இம்முடிவு எங்களுக்கு வந்து சேர்ந்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.' அதைச் சுட்டிக்காட்டினார். "மண்ண நாமளா எடுத்தோம்? வந்த மண்ணச் சோதிச்சோம், சரியாச் சொன்னோம். நமக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல மேடம்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சுரங்கக்காரர்கள் மேல் எனக்கு வந்த கோபத்தில், அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே நாலு பேரிடம் சண்டைக்குப் போயிருப்பேன்.

சகாயமேரி மெதுவாகத்தான் பேசினார். "மண்ண அவங்க எடுத்தாங்க சார். எப்படி எடுக்கணும்னு சொன்னது யாரு? நான். வயலுக்கு எழுதுனத மேட்டுக்குக் குடுத்துட்டேன். வயலுன்னா தலமுறை தலமுறையா உழுது உழுது கலந்து கெடக்கு. இங்கிட்டு எடுத்தாலும் அங்கிட்டு எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. அந்த மேட்டுல ஒவ்வொரு லாரி மண்ணும் ஒவ்வொரு ஊரு. ஒண்ணு சுண்ணாம்பு, ஒண்ணு புளிக்கிற கந்தகம். ரெண்டையும் கலந்து சோதிச்சா நல்லாத்தான் காட்டும். ஆனா கன்னு சராசரியிலயா நிக்குது? அது நிக்கிற எடத்துலதானே நிக்குது!"

இதுதான் அவர் செய்த தவறு. விவரம் தெரியாத ஒருவர் இந்தத் தவறைச் செய்திருக்கவே முடியாது. அப்படிப்பட்டவர் ஏதோ ஒரு மூலையில் மண்ணை அள்ளி அனுப்பியிருப்பார், அதிலே ஒருவேளை கெட்ட மண் சிக்கியிருக்கும். ஒழுங்காகக் கலந்ததால்தான் தப்பாகிவிட்டது.

அவர் நேரில் போக வேண்டும் என்றார். முதலாளி அனுப்ப மாட்டேன் என்றார். அப்படியானால் லீவு கொடுங்கள் என்றார் சகாயமேரி. இத்தனை வருடத்தில் பெரிய வியாழன், பெரிய வெள்ளி தவிர லீவே போடாதவர் கேட்டால் எப்படி மறுப்பது? நானும் கூடப் போனேன். "வெளிவேலைக்காரன் நான் இருக்க, நீங்க தனியாப் போனா என் பொழப்பு என்னாகிறது?" என்று கேலியாகச் சொன்னேன். உண்மையில் அந்த மேட்டை நானும் பார்க்க விரும்பினேன். சின்னத்துரை எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்.

அந்த இடத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நம்மூரில் செம்மண் பொட்டலையும் சரளைக் காட்டையும் கல்லுடைத்த பள்ளத்தையும் பார்த்தே வளர்ந்தவன் நான். காய்ந்த நிலம் எனக்குப் புதிதில்லை. ஆனால் காய்ந்த நிலத்திலும் எறும்பு இருக்கும், நெருஞ்சி இருக்கும். இங்கே ஒரு பக்கம் கன்றுகள் தளதளவென்று நின்றன. நாலு எட்டு வைத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு, அதில் ஒன்றுமே இல்லை. தேங்கியிருந்த மழைத் தண்ணீர் துருப்பிடித்த நிறத்தில் தெளிவாக இருந்தது. அதில் ஒரு தலைப்பிரட்டைகூட இல்லை.

சகாயமேரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொப்பிக்குப் பதிலாகத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார். பத்தடிக்கு ஒரு குழி. ஒவ்வொரு குழி மண்ணுக்கும் தனித்தனிப் பை. கலக்கவே இல்லை. கலக்காமல் இருப்பது அவர் கைக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதைப் பார்த்தேன். மண்ணைப் பார்த்ததும் விரல் தானாகக் கிளறப் போகும், சட்டென்று நிறுத்திக்கொள்வார். கையோடு கொண்டுவந்த கருவியில் அளந்தபோது, மொட்டைத் திட்டுகளில் புளிப்பு எலுமிச்சைச் சாற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. எந்த வேரும் அதில் பிழைக்காது. சின்னத்துரை அதைக் கேட்டதும் தரையிலேயே உட்கார்ந்து, "அப்ப எங்கன்னு மேல தப்பில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

சகாயமேரி அதோடு நிற்கவில்லை. நன்றாக இருந்த இடங்களின் மண்ணையும் ஒவ்வொரு கோப்பையில் கொஞ்சம் போட்டு, காயத்துக்கு ஊற்றுகிற பெராக்சைடையே இன்னும் செறிவாக அதன்மேல் ஊற்றினார். சிலவற்றில் ஒன்றும் ஆகவில்லை. சிலவற்றில் நுரைத்துப் பொங்கிச் சூடாகிக் கந்தக வாடை வந்தது. பொங்கி அடங்கியதும் அளந்தால், முன்பு நன்றாக இருந்த மண்ணே புளித்துப்போயிருந்தது. எங்களோடு வந்திருந்த சுரங்க அதிகாரி இது என்ன வித்தை என்று கேட்டார். நான் எனக்குத் தெரிந்த இந்தியில் தடுமாறினேன். சகாயமேரி என்னிடம் சொன்னார்: "இட்லி மாவுன்னு சொல்லுங்க சார். அரைச்ச அன்னைக்கு இனிப்பாத்தான் இருக்கும். உள்ள இருக்கிறது வேலை செஞ்சாத்தான் புளிப்புத் தெரியும். இந்த மண்ணு காத்தும் மழையும் படப் படப் புளிக்கும். நாலஞ்சு வருசத்துல நடக்கப்போறத இந்தக் கோப்பையில இப்பவே காட்டுறேன்." நான் மொழிபெயர்த்தேன். அதிகாரிக்கு இட்லி தெரிந்திருந்தது, அதனால் புரிந்தது.

அதன் பிறகுதான் உண்மையான சண்டை. கன்றில் குறையில்லை என்று அதிகாரி ஒத்துக்கொண்டார். ஆனால் மேடு முழுக்கப் பச்சையாகத் தெரிந்தால்தான் நிலம் சீராகிவிட்டது என்று அவர்கள் மேலே கணக்குக் காட்ட முடியும். மொட்டைத் திட்டுகளில் குழியை ஆழமாகத் தோண்டி, வெளியிலிருந்து நல்ல மண் நிரப்பி, பெரிய கன்றாக வைத்தால் இரண்டு வருடம் தாங்காதா என்று கேட்டார். தாங்கும். வேர் அந்தக் குழியைத் தாண்டும்வரை தாங்கும். சின்னத்துரைக்கு முகம் மலர்ந்துவிட்டது. போன பேர் இரண்டு வருடத்துக்காவது திரும்பக் கிடைக்கும் அல்லவா?

"மேடம், ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. நட்டுர்றேன். பண்ணையில பொம்பளையாளுக அம்பது பேரு என்னைய நம்பி இருக்காங்க" என்று கெஞ்சினார்.

சகாயமேரிக்கு அவர்மேல் எவ்வளவு இரக்கம் என்பது எனக்குத் தெரியும். ரயிலில் வழியெல்லாம் அந்த மனிதரின் பேரைப் பற்றியேதான் பேசிக்கொண்டு வந்தார். ஆனால் அவர் தலையாட்டவில்லை.

"நட்டா நிக்கும் அண்ணே. ரெண்டு வருசம் நிக்கும். மூணாவது வருசம் சாகும். அப்ப நான் என்னன்னு எழுதுவேன்? இப்பவாவது எம்மேல தப்புன்னு எழுத முடியும். அப்ப தெரிஞ்சே செஞ்சோம்னு ஆயிரும். ஒங்க பேரு, எம்பேரு, ரெண்டும் போயிரும்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"சுண்ணாம்புக்கல் பொடி போட்டுக் கொஞ்ச எடத்தைத் தேத்தலாம். சில எடத்துல களிமண்ண மேல போட்டு அடைச்சு, புல்லு மட்டும் விடலாம். அந்த நடு மேட்டுத் திட்டு இருக்குல்ல, அதுல ஒண்ணும் வேண்டாம். அது பாட்டுக்குக் கெடக்கட்டும். வெறுமையா இருக்குன்னு தெரிஞ்சாத்தான் நாளைக்கு ஒருத்தர் வந்து ஏன்னு பாப்பாங்க. பச்சையா மூடி வச்சா எவரும் பாக்க மாட்டாங்க. அடியில அந்தத் தண்ணி எங்கிட்டுப் போகுதுன்னும் தெரியாது."

சின்னத்துரை அன்று சாயங்காலம் வரை அவரோடு பேசவில்லை. எனக்குக்கூடக் கொஞ்சம் எரிச்சல்தான். நெளிவு சுளிவு தெரியாத மனுஷி என்று மனதுக்குள் திட்டினேன்.

அங்கிருந்த அலுவலகத்திலேயே உட்கார்ந்து சகாயமேரி எழுதிக் கொடுத்தார். கன்றுகளில் குறையில்லை. மண் எடுக்கத் தான் சொன்ன முறை அந்த மேட்டுக்குப் பொருந்தாதது. தன் முந்தைய அறிக்கை தவறான நம்பிக்கையைத் தந்தது. குறிப்பிட்ட திட்டுகளில் மரம் நடக்கூடாது. 'எங்களுக்கு வந்து சேர்ந்த மாதிரிக்கு மட்டுமே' என்ற வரி அதில் இல்லை. தன் பேரைப் போட்டு, கீழே 'நேரில் பார்த்து எடுத்த மண்' என்று எழுதினார்.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்னத்துரையின் பேரைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. அடுத்த கட்ட வேலையும் அவருக்குத்தான் வந்தது. ஆனால் நினைத்ததைவிடச் சின்ன வேலை. கொஞ்ச நாள் வருத்தமாக இருந்துவிட்டு, ஒரு நாள் பலாப்பழமும் கையுமாகக் கூடத்துக்கு வந்து நின்றார். எங்கள் முதலாளி ரொம்ப நாள் சகாயமேரியின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கூடத்தின் பேரில் இல்லாமல் தன் பேரில் எழுதிக் கொடுத்ததால் பொறுத்துக்கொண்டேன் என்று பின்னால் என்னிடம் சொன்னார். பொறுத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்? விவசாயிகள் வாசலில் வந்து, "மேரியம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். முதலாளி இருக்கிறாரா என்று ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை.

சகாயமேரி அந்தக் கதையை மறைக்கவே இல்லை. புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் வாரமே சொல்லிவிடுவார், அதுவும் சிரித்துக்கொண்டே. "நான் ஒரு மலையையே கலந்து குடிச்சவ" என்பார். கருங்கல் குவாரி, சரளைப் பள்ளம், ஏரியைத் தூர்வாரிக் கொட்டிய கரை என்று தோண்டிக் கிளறிய இடத்திலிருந்து மண் வந்தால், "கலந்ததா, கலக்காததா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கலந்தது என்றால் திரும்பிப் போக வேண்டியதுதான். எனக்குத்தான் அலைச்சல்.

கடைசியாக அவரைப் பார்த்தது அவர் வீட்டில். மருந்து போதும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்ட பிறகு. மெலிந்து போயிருந்தார், குரல் மட்டும் பழைய குரல். என்ன கொண்டுபோவது என்று தெரியாமல், சின்னத்துரையிடம் சொல்லி அந்த மேட்டின் இப்போதைய படங்களை போனில் வாங்கி வைத்திருந்தேன். வேம்பும் புங்கனும் நிழல் விழுகிற அளவுக்கு வளர்ந்திருந்தன. ஒரு படத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அவர் சந்தோஷப்படுவார் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். அந்தோணிசாமி தலையணையைத் தூக்கி வைத்துக்கொடுத்தார்.

சகாயமேரி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். நன்றாக வந்திருக்கிறது என்றார். பிறகு, "மொட்டை எடம் எங்க சார்?" என்றார்.

"எது மேடம்?"

"நடு மேட்டுத் திட்டு. ஒண்ணும் வைக்க வேண்டாம்னு சொன்னேனே. ஒரு படத்துலயும் இல்லையே. எவனாவது நட்டுட்டானா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. படுக்கையில் இருக்கிற மனுஷி கேட்கிற கேள்வியா இது? படம் எடுத்தவர் நல்ல இடமாகப் பார்த்து எடுத்திருப்பார் மேடம், யாரும் நட்டிருக்க மாட்டார்கள் என்றேன். "எருக்குழிப் பக்கம்" என்று சொல்லி லேசாகச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. "பாத்துச் சொல்லுங்க சார். நட்டிருந்தா இந்நேரம் வேர் தாண்டியிருக்கும்."

வெளியே வந்ததும் சின்னத்துரைக்குப் போன் போட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "ஆளச் சொல்லி எடுத்து அனுப்புறேன் சார். மேடத்துட்டக் காட்டுங்க" என்றார். அந்த ஆள் ஊருக்குப் போயிருந்தான், மழை பெய்தது, மேட்டுக்குப் போகிற பாதை அறுத்துக்கொண்டுவிட்டது. ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். அந்த இடைவெளியில்தான் திருமயத்தில் எனக்குச் செய்தி வந்தது.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, போனை எடுத்துப் பார்த்தேன். படம் வந்திருந்தது. சுற்றிலும் மரங்கள், நடுவே சாம்பல் நிறத் திட்டு. பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பார்த்தேன். ஒரு குழி தோண்டிய தடம்கூட இல்லை. யாரும் நடவில்லை மேடம் என்று வாய்விட்டே சொன்னேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்னவென்று யோசித்தால் அந்தப் படம்தான். என் போனில் இருக்கிறது. பேரன் பேத்திகள் படத்துக்கு நடுவே அது வரும்போது, இதை ஏன் வைத்திருக்கிறீர்கள், ஒன்றுமே இல்லையே என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், அதில் ஒன்றுமே இல்லை. ஒரு புல்கூட முளைக்கவில்லை.